காம்ரேட்ஸ் மராத்தான்: காயம்பட்ட வீரர்களுக்காக ஓட நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

காயம்பட்ட படைவீரர்களுக்காகப் பணம் திரட்டி நீண்ட ஓட்டம் ஒன்று ஓட வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் இருக்கும் யார் என்னிடம் யோசனை கேட்டாலும், காம்ரேட்ஸைத் தவிர வேறு பெயரைச் சொல்ல மாட்டேன். 2024 ஜூன் 9ஆம் தேதி அதை ஓடி முடித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் ஓடுகிற தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். இந்தக் காரணத்துக்காக ஓடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அது மாற வேண்டும் என்ற ஆசையும் இதை எழுதத் தூண்டியது.

பெயர் மராத்தான் என்றாலும் 42 கிலோமீட்டரில் இது முடிவதில்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே பழைய மலைச்சாலை வழியாக, பெரும்பாலும் ஓர் ஆண்டு கடலோரத்திலிருந்து மேலே, மறு ஆண்டு மேலேயிருந்து கடலோரத்துக்கு ஓடுவார்கள். நான் ஓடியது மேலே ஏறும் ஆண்டு, தூரம் 85.91 கிலோமீட்டர். 12 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு முன்பே ஒரு முழு மராத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் ஓடிக் காட்டியிருந்தால்தான் இடம் கிடைக்கும். எனவே, "அடுத்த மாதம் ஓடிவிடலாம்" என்று நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஒரு வருட உழைப்புக்கு மனம் தயாராக இருந்தால் மேலே படியுங்கள்.

இந்த ஓட்டம் பிறந்ததே போரின் துயரத்திலிருந்துதான். விக் கிளாபம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர் முதல் உலகப் போரில் 8ஆவது தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் 2,700 கிலோமீட்டர் நடந்தவர். உடன் நடந்து உயிர்விட்டவர்களுக்கு உயிருள்ள ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று அவர் விரும்பினார். முன்னாள் வீரர்களின் சங்கத்திடம் 1918இலும் 1919இலும் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1921இல், செலவுக்கென்று ஒரு பவுண்டோடு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு மே 24ஆம் தேதி 34 பேர் கிளம்பினார்கள். 16 பேர் வந்து சேர்ந்தார்கள். பணம் திரட்டப் போகிறவருக்கு இந்த வரலாறு பெரிய பலம். வேறு எந்த ஓட்டத்தை எடுத்துக்கொண்டாலும், "ஓட்டத்துக்கும் படைவீரனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். இங்கே அந்தக் கேள்வி எழுவதில்லை.

"நம்மவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வி மட்டும் வரும். எனக்கு வந்தது, அதுவும் சொந்த வீட்டிலேயே. 1899 டிசம்பரில், பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிக் குடியேறிகளுக்கும் நடந்த போயர் போரின்போது, டர்பன் இருக்கும் நேட்டாலில் இந்தியர் ஆம்புலன்ஸ் படை ஒன்று திரண்டது. காந்தியின் பெயரோடு சேர்த்தே அதைப் படித்திருப்போம். அதிலிருந்த ஏறத்தாழ 1,100 பேரில் சுமார் 800 பேர் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள் என்பதை நாம் நினைப்பதில்லை. மதராஸிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கொலன்சோ, ஸ்பியன் கோப் போர்க்களங்களில் குண்டடிபட்டவர்களை டோலியில் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தார்கள். 25 மைல் என்றால் 40 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு மராத்தான். தோளில் இன்னொருவன் உயிரைச் சுமந்துகொண்டு, காலில் நல்ல செருப்புகூட இருந்ததோ என்னவோ, நடந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்திய, மலாய்ப் படைப்பிரிவு இருந்தது. அதில் சேர்ந்த நம்மவர்களுக்கு ஆயுதம் தரப்படவில்லை. வண்டி ஓட்டவும் சமைக்கவும் காயம்பட்டவர்களைத் தூக்கவும்தான் அனுப்பினார்கள். என் தாத்தா அதில் லாரி ஓட்டியவர். திரும்பி வந்தபின் சாகும்வரை கைத்தடி இல்லாமல் அவர் நடந்ததில்லை.

காம்ரேட்ஸும் நம்மை 1975 வரை சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பர்கள், இந்தியர்கள், பெண்கள் எல்லோரும் அதிகாரபூர்வமாக ஓட முடிந்தது அந்த ஆண்டிலிருந்துதான். 1935இல் ராபர்ட் முட்ஷாலி என்பவர் பதிவில்லாமலே ஓடி 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார், பதக்கம் கிடைக்கவில்லை. 2019இலிருந்து 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் முடிப்பவர்களுக்கு அவர் பெயரிலேயே ஒரு பதக்கம் தருகிறார்கள். தாமதமானாலும் சரியான செயல். என் தந்தைக்கு ஓடும் வயதில் வேலிக்கு வெளியே நின்று கைதட்டத்தான் முடிந்தது. மகள் சட்டையில் ஓட்ட எண்ணைக் குத்திக்கொண்டு ஓடியதை அவர் பார்த்தார்.

இனி பணம் திரட்டும் பக்கம். காம்ரேட்ஸ் அமைப்பே சில அறக்கட்டளைகளைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் வைத்திருக்கிறது. பதிவு செய்யும்போதே அவற்றில் ஒன்றுக்காக ஓடலாம். நான் மனதில் வைத்திருந்தது டர்பனில் முன்னாள் படைவீரர்கள் தங்கியிருக்கும் சிறிய இல்லம் ஒன்று. அது பட்டியலில் இல்லாததால் நானே தனியாகத் திரட்டினேன். அதற்குத் தடை எதுவும் இல்லை. லண்டனில் இருக்கும் என் சித்தி மகன் அங்குள்ள மராத்தானை, காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றுக்காக ஓடினான். அங்கே அறக்கட்டளைகள் ஓட்டத்தில் இடங்களை விலைக்கு வாங்கி வைத்திருக்கின்றன. அந்த இடம் வேண்டுமென்றால் குறைந்தபட்சம் இவ்வளவு பவுண்டு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டாயம் அவனை விரட்டிக்கொண்டே இருந்தது, பணமும் சேர்ந்தது. இங்கே தனியாக ஓடுகிறவரை விரட்ட யாருமில்லை. நாமே கணக்குப் புத்தகம் போட்டு நாமே துரத்தினால்தான் உண்டு.

பணம் கேட்பதற்கு முன்னால் அந்த இல்லத்துக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். இந்த மதிப்புரையில் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நான் செயற்கைக் கால் வாங்கித் தருவதற்காகத் திரட்டலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அங்கே கடற்படையில் இருந்த மாமா ஒருவர் இருக்கிறார். இந்திய மாலுமிகளுக்கென்று டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் 1975இல் பயிற்சித்தளம் வந்ததே, அதில் பயிற்சி பெற்றவர். பணியில் நடந்த விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். "காலுக்குப் பணம் கேட்காதே அம்மா. கால் இருக்கிறது. அதற்குள்ளே போடுவதுதான் இல்லை" என்றார்.

பிறகு காட்டினார். வெட்டப்பட்ட காலின் முனையில் முதலில் சிலிக்கோனால் ஆன ஓர் உறையைப் போட வேண்டும்; லைனர் என்பார்கள். அதை உள்வெளியாகப் புரட்டி, முனையில் பொருத்தி, காற்று புகாமல் மெல்ல மேலே உருட்டிக்கொண்டு போக வேண்டும். அடியில் ஓர் உலோக முளை. உறை போட்ட காலைச் செயற்கைக் காலுக்குள் வைத்து எழுந்து நின்றதும் அந்த முளை குழியில் இறங்கி 'டக் டக்' என்று பூட்டிக்கொள்ளும். அவருடைய லைனரின் விளிம்பு கிழிந்திருந்தது. உள்பக்கம் வெடிப்பு விட்டிருந்தது. டர்பன் வெயிலில் வியர்வை அதற்குள்ளேயே தேங்கித் தோலை அரிக்கிறது. இன்னொன்றும் சொன்னார்: காலையில் இறுக்கமாக இருக்கும் கால், பொழுது ஏற ஏறச் சற்றுச் சுருங்கிவிடுமாம். அதனால் மத்தியானம் ஒன்று, சாயங்காலம் இன்னொன்று என்று உறையின்மேல் காலுறைகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஓடுகிறவர்களாகிய எங்கள் பாதம் நேரம் ஆக ஆக வீங்கும் என்பதால் காலணியை அரை அளவு பெரிதாக வாங்குகிறோம். அவருக்கு நேர் எதிர்.

ஆகவே நான் கேட்டது லைனர்களுக்கும், அதற்கான காலுறைகளுக்கும், சக்கர நாற்காலிகளின் மெத்தைகளுக்கும், டயர்களுக்கும். மெத்தை நைந்துபோனால் புண் வரும். புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். "ஒரு வீரருக்குக் கால் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் இன்னும் எளிதாகப் பணம் சேர்ந்திருக்கலாம். ஆனால் லைனர் என்றால் என்ன என்று கோயிலில் பூஜை முடிந்தபின் பத்து நிமிடம் விளக்கிச் சொன்னபோது, கேட்டவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. கிலோமீட்டருக்கு ஒரு ரேண்ட் என்று ஆரம்பித்தேன். முடித்தால் 86 ரேண்ட். ஓய்வூதியத்தில் வாழும் பாட்டிகள்கூடப் பெயர் எழுதினார்கள். நடுவழியில் நின்றுவிட்டால் ஓடிய தூரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றேன். முழுத் தொகையையும் முன்கூட்டியே கையில் திணித்தவர்கள்தான் அதிகம்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்காக இணையத்தில் நிதி திரட்டும் தளம் ஒன்றில் பக்கம் திறந்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. பிடித்தம் எவ்வளவு என்பது கடைசிப் படியில்தான் தெரிந்தது. பணம் இல்லத்தின் கணக்குக்குப் போய்ச் சேர ஏற்பட்ட தாமதம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. தளத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பிடித்தம், பணம் போய்ச் சேரும் நாள், பணம் யார் கணக்குக்கு நேராகப் போகிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களை இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள். பெற்றிருந்தால் கொடுப்பவருக்கு ரசீது கிடைக்கும். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் இந்த ஒரு வரியைச் சொன்னபிறகு தொகையில் ஒரு பூஜ்யம் கூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்ட நாள். 2024இல் அதிகாலை 5:30 மணிக்கு டர்பன் நகர மண்டபத்தின் முன்னால் தொடக்கம். எதிரே பேர்வெல் சதுக்கத்தில் போர் நினைவுச்சின்னம் நிற்கிறது. நேரத்தோடு வந்துவிட்டால் அதன் அருகே சற்று நின்றுவிட்டு வரிசைக்குப் போங்கள். இந்தக் காரணத்துக்காக ஓடுகிறவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இருட்டில், தோளோடு தோள் ஒட்டி, ஏறத்தாழ இருபதாயிரம் பேர். தேசிய கீதம், பிறகு 'ஷோஷோலோசா' என்ற தொழிலாளர் பாட்டு, பிறகு சேவல் கூவும் ஒலி. மேக்ஸ் டிரிம்போர்ன் என்ற ஓட்டக்காரர் 1948இல் தொடக்கக் கோட்டில் நின்று சேவல்போலக் கூவினாராம். அன்று முதல் அது இல்லாமல் துப்பாக்கி வெடிப்பதில்லை. பின்வரிசையில் நிற்பவர்கள் கோட்டைத் தாண்டவே சில நிமிடங்கள் ஆகும். நான் ஓடிய ஆண்டில் அந்த நிமிடங்களும் 12 மணி நேரத்தில் சேர்த்தியாகவே இருந்தன.

கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய ஏற்றங்கள். பைன்டவுன் தாண்டியதும் வரும் ஃபீல்ட்ஸ் ஹில் சுமார் 3 கிலோமீட்டர் ஒரே ஏற்றம். அங்கே வீரம் காட்டுகிறவர்கள் பிற்பகலில் சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பழைய சாலை என்பதால் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கூட்டம் கலைந்ததும் நடுச்சாலைக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்க இடுப்பு பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் சத்துப் பானமும் சிறிய பிளாஸ்டிக் பைகளில் தருகிறார்கள். மூலையைப் பல்லால் கிழித்து உறிஞ்ச வேண்டும். பாதியைத் தலையில் பீய்ச்சிக்கொள்ளலாம். வேகவைத்து உப்புத் தூவிய உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, வாழைப்பழம், கோக். வழி நெடுகப் பரிமாறுகிறவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தச் சேவையிலும் இப்படி ஓர் உபசரிப்பை நான் பார்த்ததில்லை.

இங்கே 'பஸ்' என்று ஒன்று உண்டு. அனுபவமுள்ள ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார், அவர்தான் டிரைவர். 11 மணி பஸ், 12 மணி பஸ் என்று நேரம் குறித்திருக்கும். நூற்றுக்கணக்கானவர்கள் அவர் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். "நடங்கள்" என்றால் எல்லோரும் நடப்பார்கள். அவர் எண்ணி முடித்ததும் எல்லோரும் ஓடுவார்கள். ஜுலுவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். காவடி எடுப்பவர் சோர்ந்துவிடாதபடி சுற்றியிருப்பவர்கள் வேல் வேல் என்று முழங்கிக்கொண்டே வருவார்களே, அந்த வலு அதில் இருந்தது. முதல்முறை ஓடுகிறவர்கள் கடிகாரத்தை நம்புவதைவிட ஒரு நல்ல பஸ்ஸை நம்பலாம்.

டிரம்மண்ட் பாதி தூரம். அதன் அருகே சாலையோரத்தில், ஓடி முடித்தவர்களின் பெயர் பதித்த கற்களால் ஆன நினைவுச்சுவர் நீண்டு போகிறது. நான் அங்கே நினைத்துக்கொண்டது பில் மாஸ்டர்டன்-ஸ்மித்தை. 1931இல் 19 வயதில் வென்றவர். 1933இல் ரயிலுக்குப் பணம் இல்லாமல் கேப் டவுனிலிருந்து சைக்கிளிலேயே வந்து ஓடிப் பத்தாவதாக வந்தார். இரண்டாம் உலகப் போரில், 1942இல் லிபியாவின் டோப்ருக்கில் கொல்லப்பட்டார். அந்தப் போரால் 1941 முதல் 1945 வரை காம்ரேட்ஸே நடக்கவில்லை.

இஞ்சாங்கா பக்கத்தில் எத்தெம்பேனி பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் வரிசையாக நிற்பார்கள். உடல் ஊனமுற்ற, பார்வை குறைந்த குழந்தைகளுக்கான பள்ளி அது. சக்கர நாற்காலியில் இருந்தபடி கையை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். நேரம் போகிறதே என்று பார்க்காமல் அத்தனை கைகளையும் தொட்டுவிட்டுப் போங்கள். ஒரு சிறுமியின் நாற்காலி டயரைப் பார்த்ததும், என் பட்டியலில் இருந்த டயர்கள்தான் நினைவுக்கு வந்தன.

கேட்டோ ரிட்ஜ், கேம்பர்டவுன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், திறந்தவெளி, வலி. முடிவுக்குச் சுமார் எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது பாலி ஷார்ட்ஸ் வருகிறது. என்னைச் சுற்றி ஓடியவர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் நடந்தோம். ஓட்டம் முடியும் ஸ்காட்ஸ்வில் குதிரைப் பந்தயத் திடலின் புல்லில் கால் வைத்தபோது 12 மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சரியாக 12 மணி நேரம் முடிந்ததும் ஓர் அதிகாரி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியை வெடிப்பார். வழி அடைபடும். ஓர் அடி தள்ளி இருந்தாலும் பதக்கம் கிடையாது. இது கொடுமை என்பவர்கள் உண்டு. எனக்கு நியாயமாகவே படுகிறது. 86 கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தவர்களிடம் "முடித்தேன்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை வருவது இதனால்தான்.

11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் முடிப்பவர்களுக்குத் தரும் செப்புப் பதக்கத்துக்கு விக் கிளாபமின் பெயர். நாணயத்தைவிடச் சற்றே பெரியது. சிறகு வைத்த தலைக்கவசத்தோடு ஹெர்மஸின் உருவம். தங்கம், வெள்ளி வாங்கும் வேகம் உள்ளவர்கள் வாங்கட்டும். காயம்பட்டவர்களுக்காக ஓடுகிறவருக்கு, நடந்தே போரைக் கடந்த அந்த மனிதரின் பெயர் பொறித்த பதக்கத்தைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை என்பது என் எண்ணம்.

முழங்கால், இதயம், சர்க்கரை என்று எந்தப் பிரச்சினை இருந்தாலும் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். 21 கிலோமீட்டர் ஓட்டத்திலும் இதே போலப் பணம் திரட்டலாம்; லைனர் வாங்கும் பணத்துக்குத் தூரம் தெரியாது. அந்த இல்லம் வேண்டாம் என்றால், 1927இல் இதே டர்பனில் சார்லஸ் ஈவென்டன் தொடங்கிய மாத் என்ற முன்னாள் வீரர் அமைப்பு இருக்கிறது. முதிய வீரர்களுக்கு வீடுகள் நடத்துகிறது. ஓல்டு ஃபோர்ட்டில் அவர்களுடைய வாரியர்ஸ் கேட்டுக்குப் போய்ப் பேசலாம்.

எங்கள் பணத்தில் லைனர்களும் காலுறைகளும் மெத்தைகளும் வந்து சேர்ந்தன. டயர்களில் பாதிதான் வாங்க முடிந்தது. ரசீதுகளைப் படமெடுத்து, பணம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், அடுத்த முறை கேட்கும்போது யாரும் தயங்க மாட்டார்கள். அடுத்த முறை கேட்கவும் வேண்டியிருக்கிறது. 2013இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்குயில் நம் தென்னாப்பிரிக்க வீரர்கள் 13 பேர் மாண்டார்கள். 2025 ஜனவரியில் காங்கோவில் கோமாவுக்கும் சாக்கேவுக்கும் அருகே 14 பேர். இறந்தவர்களின் பெயர்கள் செய்தியில் வந்தன; காயத்தோடு திரும்பியவர்களின் பெயர்கள் வரவில்லை. அவர்களில் இருபது, முப்பது வயதுக்காரர்கள் இருப்பார்கள். ஒரு லைனர் நெடுநாள் உழைப்பதில்லை. சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறு காலை 5 மணிக்கு ஹிக்கின்சன் நெடுஞ்சாலைப் பக்கம் பயிற்சி ஓட்டம் ஓடுகிறோம். ஓட வருகிறவர்கள் வரலாம். ஓட முடியாதவர்கள் கிலோமீட்டருக்கு ஒரு ரேண்ட் எழுதலாம்.